ரேடியேட்டர்களை எண்ணிய பிறகே பாய்லரை மாற்றினோம்

நியூ ஜெர்சியின் எசெக்ஸ் கவுண்டியில், 1924-இல் கட்டப்பட்ட ஒரு மர வீட்டில் நாங்கள் 11 ஆண்டுகளாக வசித்து வருகிறோம். அந்த வட்டாரத்துப் பழைய வீடுகள் பலவற்றைப் போல எங்கள் வீடும் நீராவியால் சூடேறும் வீடு. பேஸ்மென்டில் இருக்கும் வார்ப்பிரும்புப் பாய்லர் தண்ணீரைக் கொதிக்க வைக்க, எழும் ஆவி குழாய் வழியே மேலேறி, அறைகளைச் சூடாக்க நிற்கும், பிரிவு பிரிவாகக் கோர்த்த எட்டு ரேடியேட்டர்களுக்குள் புகுந்து, அங்கே குளிர்ந்து மீண்டும் தண்ணீராகி, ஏறி வந்த அதே குழாய் வழியாகவே கீழே வடிந்து, பேஸ்மென்டில் உள்ள திரும்பு குழாய் வழியே பாய்லருக்குத் திரும்பி வரும். இதற்குப் பம்பும் தேவையில்லை, விசிறியும் தேவையில்லை. ஆவி தானாக ஏறும், தண்ணீர் தானாக இறங்கும். குழாய்களின் சரிவு சரியாக இருந்தால் போதும். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இந்தக் குழாய்களை மட்டம் பார்த்துப் பொருத்திய தொழிலாளிகள் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. போன ஆண்டு மார்ச் கடைசியில் பாய்லர் ஓட்டையானபோது, அவர்கள் விட்டுச்சென்ற அமைப்பைக் கெடுக்காமல் அதை மாற்ற வேண்டும் என்பதே என் முதல் கவலையாக இருந்தது.

குழாய்களும் ரேடியேட்டர்களும் வீட்டின் வயதுதான். பாய்லர் மட்டும் 1980-களில் யாரோ வைத்தது. வார்ப்பிரும்புப் பாய்லர் ஐம்பது ஆண்டுகள் உழைப்பதும் உண்டு. எங்களுடையது அதற்கு முன்பே போய்விட்டது. அதற்கான அறிகுறிகள் இரண்டு ஆண்டுகளாகவே கண் முன்னால் இருந்தன. அவ்வளவாகக் குளிராத நாளிலும் பாய்லர் எரியும்போதெல்லாம் புகைபோக்கியிலிருந்து அடர்த்தியான வெண்மேகம் எழுந்தது. பாய்லரின் பக்கவாட்டில் இருக்கும் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் நிலைகொள்ளாமல் ஆடியது. தண்ணீர் குறைந்தால் தானாக நிரப்பும் கருவி அடிக்கடி "கிளிக்" என்று திறந்து மூடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தக் கருவிதான் நோயை மறைத்துக்கொண்டிருந்தது.

ஓட்டையைக் கண்டுபிடிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எரிவாயுவை அடைத்து, பாய்லர் ஆறிய பிறகு, வழக்கமான நீர்மட்டத்துக்கு மேலே, மேல் குழாய் வரையிலும் தண்ணீரை நிரப்பிவிட்டு அடுப்புப் பகுதியைக் கவனிக்க வேண்டும். நாங்கள் அப்படி நிரப்பிய பத்தாவது நிமிடத்தில் எரிகுழல்களின் மீது தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ஓட்டை நீர்மட்டக் கோட்டை ஒட்டி, அதற்குச் சற்று மேலே இருந்தது. நீராவிப் பாய்லர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அரிக்கின்றன. குழாய்த் தண்ணீரில் பிராணவாயு கரைந்திருக்கிறது. தண்ணீர் சூடாகும்போது அது பிரிந்து, நீர்மட்டத்தை ஒட்டிய இரும்பைத் தின்கிறது. ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பக் கொதித்தால் பிராணவாயு முதல் சில கொதிப்புகளிலேயே வெளியேறிவிடும், அதன் பிறகு அரிப்பு மிகவும் மெதுவாகும். நாள்தோறும் புதுத் தண்ணீர் உள்ளே வந்தால் அரிப்புக்கு ஓய்வே இராது. ஆகவே ஓட்டையைக் கண்டதோடு கேள்வி முடியவில்லை. இத்தனை ஆண்டுகளாக நிரப்பிய தண்ணீரெல்லாம் எங்கே போயிற்று என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

அதற்கான விடையை என் அம்மா மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார். கும்பகோணத்திலிருந்து வந்து ஒரு குளிர்காலம் முழுவதும் எங்களோடு தங்கியிருந்தபோது, பேஸ்மென்டில் துணி மடிப்பதற்கு அவர் எப்போதும் சிமென்ட் தரையின் ஒரு குறிப்பிட்ட மூலையில் போய் உட்காருவார். "இந்த எடம் மட்டும் இதமா இருக்குடா" என்பார். நாங்களும் பனியில் நனைந்த காலணிகளை அங்கேதான் வைத்தோம். ஒரே இரவில் உலர்ந்துவிடும். அந்தத் தரைக்கு அடியில் தண்ணீர் திரும்பி வரும் பழைய குழாய் புதைந்திருந்தது. அது அரித்துப்போய், சுடுநீர் மண்ணுக்குள் கசிந்துகொண்டிருந்தது. கசிந்த ஒவ்வொரு காலனுக்கும் ஈடாக நிரப்பும் கருவி ஒரு காலன் புதுத் தண்ணீரை விட்டது. அந்தத் தண்ணீர் பாய்லரை அரித்தது. இந்தக் குழாயைக் கண்டுபிடிக்காமல் புதுப் பாய்லரை மட்டும் வைத்திருந்தால், அதுவும் சில ஆண்டுகளிலேயே இதே கதிக்கு ஆளாகியிருக்கும்.

ஏப்ரல் மாதக் குளிரை மின் ஹீட்டர்களால் சமாளித்துக்கொண்டு, விலை கேட்பதற்காக நான்கு பேரை வரவழைத்தேன். முதல் மூவரும் நேரே பேஸ்மென்டுக்கு இறங்கி, பழைய பாய்லரின் தகட்டில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, மணிக்கு 2,00,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரியும் அதே அளவில் புதியதைப் பொருத்துவதாகக் கூறினார்கள். ஒருவர் மட்டும் வீட்டின் சதுர அடியைக் கேட்டார். மூவரில் எவரும் மாடிப்படி ஏறவில்லை. நான்காவதாக வந்தவர் எழுபது வயதைத் தொட்டவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே தொழிலில் இருப்பவர். அவர் பாய்லரைப் பார்ப்பதற்கு முன்பே அளவு நாடாவோடு ஒவ்வோர் அறையாகச் சென்று ரேடியேட்டர்களை அளந்தார். வேலையை அவரிடமே ஒப்படைப்பது என்று அந்த அரைமணி நேரத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

ரேடியேட்டர்களை ஏன் அளக்க வேண்டும் என்பதைச் சற்று விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவியில் கைபட்டவர்களுக்கு, கொதிநீர் சுடுவதைவிட ஆவி கடுமையாகச் சுடும் என்பது தெரியும். ஒரு பவுண்டு தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 180 பி.டி.யு. வெப்பம் போதும், ஆனால் கொதிக்கும் அதே தண்ணீரை ஆவியாக மாற்ற மேலும் 970 பி.டி.யு. வேண்டும். அந்த ஆவி எந்த உலோகத்தின் மீது படிந்து தண்ணீராகிறதோ, அந்த உலோகத்திடம் 970-ஐயும் அப்படியே ஒப்படைத்துவிடும். ரேடியேட்டர் ஒவ்வொன்றும் மணிக்கு இவ்வளவு ஆவியைத்தான் தண்ணீராக்க முடியும் என்று ஓர் அளவு இருக்கிறது. அது அதன் மேற்பரப்பைப் பொறுத்தது. எல்லா ரேடியேட்டர்களும் சேர்ந்து எவ்வளவு ஆவியைக் குடிக்குமோ அவ்வளவு ஆவியைத்தான் பாய்லர் உண்டாக்க வேண்டும். வெந்நீரால் சூடாகும் வீடுகளில், வீடு இழக்கும் வெப்பத்தைக் கணக்கிட்டுப் பாய்லரைத் தேர்ந்தெடுப்பார்கள். நீராவி வீட்டில் அந்தக் கணக்கு உதவாது. சுவர்களுக்குப் புதிதாகப் பஞ்சு அடைத்திருந்தாலும், சன்னல்களை மாற்றியிருந்தாலும், ரேடியேட்டரின் கடைசிப் பிரிவு வரைக்கும் ஆவி போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

இதற்காகத் தொழிலில் பழைய அட்டவணைகள் இருக்கின்றன. 38 அங்குல உயரமும் மூன்று தூண்களும் கொண்ட ரேடியேட்டரின் ஒவ்வொரு பிரிவுக்கும் 5 சதுர அடி மேற்பரப்பு என்றும், அதே உயரத்தில் இரண்டு தூண்கள் கொண்டதற்குப் பிரிவுக்கு 4 சதுர அடி என்றும் கணக்கு. எங்கள் கூடத்தில் 12 பிரிவுகள், ஆகவே 60 சதுர அடி. சாப்பாட்டு அறையில் 50, நடையில் 40, சமையலறையில் 24, மூன்று படுக்கையறைகளில் 40, 32, 32, குளியலறையில் 16. எல்லாம் கூட்டினால் 294 சதுர அடி. ஒரு சதுர அடிக்கு மணிக்கு 240 பி.டி.யு. என்று பெருக்கினால் 70,560. குழாய்களைச் சூடாக்கச் செலவாகும் வெப்பத்துக்காக அதன் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சேர்ப்பது வழக்கம். அந்தச் சேர்க்கை, உற்பத்தியாளர் தரும் சதுர அடி மதிப்பீட்டுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்பதால், வாங்குபவர் அதை இன்னொரு முறை சேர்க்கக் கூடாது. எங்களுக்குப் பொருத்தமாக அமைந்தது 325 சதுர அடி மதிப்பீடு கொண்ட, மணிக்கு 1,25,000 பி.டி.யு. எரிக்கும் பாய்லர். மற்ற மூவரும் சொன்ன அளவு இதைவிட 60 விழுக்காடு அதிகம்.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று என் மனைவி கேட்டார், நியாயமான கேள்விதான். ரேடியேட்டர்கள் ஏற்க முடியாத ஆவியைப் பாய்லர் உண்டாக்கினால் அழுத்தம் ஏறும், அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி எரிப்பை நிறுத்தும், சில நிமிடங்களில் மறுபடியும் எரியும், மறுபடியும் நிற்கும். தெர்மோஸ்டாட் கேட்கும் வெப்பம் வந்து சேர்வதற்குள் இது பலமுறை நடக்கும். எரிவாயு வீணாகும், கருவிகள் விரைவில் தேயும். சிறியதை வைத்துவிட்டாலோ, தொலைவில் இருக்கும் ரேடியேட்டருக்கு ஆவி போய்ச் சேரவே சேராது. எங்கள் மகளின் அறை வடக்கு மூலையில், ஆவி கடைசியாக எட்டும் இடத்தில் இருக்கிறது.

நீராவியையே விட்டுவிடலாமா என்பதையும் யோசித்தோம். தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் திறன் கொண்ட பாய்லர்கள் வெந்நீருக்கு மட்டும்தான் பொருந்தும். புகையில் இருக்கும் ஈரத்தைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்வதால்தான் அவற்றுக்கு அந்தத் திறன் கிடைக்கிறது, 212 டிகிரி பாரன்ஹீட் ஆவியை உண்டாக்கும் பாய்லரில் அதற்கு இடமே இல்லை. 2021 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் எரிவாயு நீராவிப் பாய்லருக்குக் கட்டாயமான குறைந்த அளவு 82 விழுக்காடு. நாங்கள் வாங்கியதும் அதைச் சற்றே தாண்டியதுதான். வெந்நீருக்கு மாறுவதென்றால் ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் இரண்டாவது குழாய் இழுக்க வேண்டும், அதற்கு நூறாண்டுச் சுண்ணச் சுவர்களை உடைக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு அழுத்தத்துக்குப் பழகிய இணைப்புகள் அதைப்போலப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்குமா என்ற அச்சமும் இருந்தது. ஏ.சி. போலக் குளிர்விக்கவும், குளிர்காலத்தில் சூடாக்கவும் வல்ல வெப்பப் பம்புகள் பற்றி எனக்கு நல்ல மதிப்பு உண்டு. மாடியில் கோடைக்கு ஒன்று வைக்கும் எண்ணமும் இருக்கிறது. ஆனால் வீட்டில் எட்டு ரேடியேட்டர்களும் பழுதில்லாமல் நிற்கும்போது அவற்றைக் கழற்றி எறிய எங்களுக்கு மனம் வரவில்லை.

மே மாதம் வேலை தொடங்கியது. குழாய்களின் மீது சுற்றியிருந்த வெள்ளை உறை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்று ஆய்வகச் சோதனையில் தெரியவந்தது. உரிமம் பெற்றவர்கள் வந்து பேஸ்மென்டை நெகிழித் திரையால் மூடி, அதை அகற்றி முடிக்கும் வரை வேறு எவரும் கீழே இறங்கவில்லை. நீராவி வீட்டுக்காரர் எவரும் இந்த உறையைத் தாமே கிழிக்கக் கூடாது. அதன் தூள் நுரையீரலில் தங்கிவிடும். அதன் பிறகு பழைய பாய்லரைப் பிரிவு பிரிவாகக் கழற்றி, ஒவ்வொன்றாகப் படியேற்றினார்கள். ஓட்டையான பிரிவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அது அரித்திருந்தது.

புதுப் பாய்லரைக் கொண்டுவந்து வைப்பதற்கு ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. அதைச் சுற்றிக் குழாய் அமைக்க இரண்டு நாள் ஆயிற்று. ஒரு நீராவிப் பாய்லரின் தரம் பாதிக்கு மேல் இந்தக் குழாய்களில்தான் இருக்கிறது என்பது அந்த இரண்டு நாட்களும் அருகில் நின்று பார்த்த பிறகு எனக்கு ஏற்பட்ட முடிவு. இன்றைய பாய்லர்கள் சிறியவை, அவற்றில் ஆவி வேகமாகப் பீறிட்டு எழும். எழும்போது தண்ணீர்த் துளிகளையும் சேர்த்து இழுத்துச் செல்லும். துளிகளோடு போகும் ஈர ஆவி பாதிவழியிலேயே குளிர்ந்துவிடும், குழாய்க்குள் சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசையும் எழும். இதைத் தடுக்கவே, பாய்லரின் நீர்மட்டத்திலிருந்து 24 அங்குலத்துக்குக் குறையாத உயரத்தில், அகலமான கிடைக்குழாய் ஒன்றை அமைக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களின் கையேடுகள் கூறுகின்றன. அந்த அகலத்தில் ஆவியின் வேகம் தணியும், துளிகள் பிரிந்து இன்னொரு குழாய் வழியாகப் பாய்லரின் அடிக்குத் திரும்பும், உலர்ந்த ஆவி மட்டும் வீட்டுக்குள் ஏறும். விலை சொன்னவர்களில் ஒருவர் இந்தப் பகுதியைச் செம்பில் பற்றவைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். செம்பு இரும்பைவிட அதிகமாக விரியும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் பற்றுகள் இழுபடும். எங்களுக்கு வேலை செய்த பெரியவர் மரையிட்ட எஃகுக் குழாய்களையே பயன்படுத்தினார். விரிவுக்கு இடம் கொடுக்கும்படி, திரும்பக்கூடிய இணைப்புகளையும் வைத்தார்.

தண்ணீர் திரும்பி வரும் குழாயைப் பாய்லரின் அடியில் நேரே சேர்க்காமல், நீர்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வரைக்கும் மேலே ஏற்றி, அங்கே சேர்க்கும் முறைக்கு ஹார்ட்ஃபோர்ட் லூப் என்று பெயர். இதன் வரலாற்றை அவர் சொல்லக் கேட்டேன், பிறகு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். 1905 மார்ச் 20 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில் குரோவர் காலணித் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக 1907-இல் அந்த மாநிலம் பாய்லர்களுக்கான விதிகளைச் சட்டமாக்கியது. 1914-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் முதல் பொது விதித்தொகுப்பை வகுத்தது. கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 1866 முதல் இயங்கிவந்த, பாய்லர்களை ஆய்வு செய்து காப்பீடு அளிக்கும் நிறுவனம், வீட்டுப் பாய்லர்கள் தண்ணீரின்றி எரிந்து வெடிப்பதைத் தடுக்க 1919-இல் இந்த இணைப்பை வலியுறுத்தியது. திரும்பும் குழாய் எங்கே உடைந்தாலும், இணைப்பு இருக்கும் உயரம் வரைதான் பாய்லரின் தண்ணீர் வடியும், அதற்குக் கீழே இறங்காது. எங்கள் பழைய பாய்லரிலும் இது இருந்தது. எங்கள் காலணிகளை உலர்த்திய அந்தக் கசிவால் பாய்லர் வறண்டுபோகாமல் காத்தவற்றில் அந்த வளைவும் ஒன்று என்பதை நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு கனக்கிறது. என் அம்மா உட்கார்ந்திருந்த மூலைக்கும் பாய்லருக்கும் இடையே பத்தடிதான் தூரம்.

புதைந்த குழாயை மண்ணிலேயே விட்டுவிட்டு, புதிய திரும்பு குழாயைத் தரைக்கு மேலே, சுவரோரமாக, கண்ணுக்குத் தெரியும்படி அமைத்தோம். அதில் ஆவி போவதில்லை, தண்ணீர் மட்டும்தான் நிற்கிறது. ஆகவே அங்கே பெரியவர் துருப்பிடிக்காத செம்பையே போட்டார். இனிக் கசிந்தால் அன்றைக்கே தெரியும்.

முதன்முறை எரித்தபோது கண்ணாடிக் குழாயில் தண்ணீர் துள்ளிக் குதித்தது. மரையிடும்போது பூசிய எண்ணெய் தண்ணீரின் மேல் படலமாக மிதப்பதே அதற்குக் காரணம். பாய்லரின் பக்கத்தில் நீர்மட்டத்தின் உயரத்தில் இதற்கென்றே ஒரு துளை இருக்கிறது. அதைத் திறந்துவைத்து, பாய்லரைக் கொதிக்க விடாமல் வெதுவெதுப்பாக வைத்து, பென்சில் கனத்துக்கு மட்டும் தண்ணீர் வழியும்படி மெதுவாக உள்ளே விட வேண்டும். பால் ஏட்டை எடுப்பது போல, எண்ணெய்ப் படலம் வழிந்து வெளியேறும். அவர் முதல் நாள் மூன்று மணி நேரம் இதைச் செய்தார். அவர் கற்றுக்கொடுத்தபடி, அடுத்த வாரம் நானே இன்னொரு சனிக்கிழமை முழுவதும் செய்தேன். அதற்குப் பிறகு கண்ணாடியில் நீர்மட்டம் அரை அங்குலத்துக்கு மேல் அசைந்ததில்லை. இந்த வேலையைப் பலர் செய்யாமலே போய்விடுகிறார்கள், ஏனென்றால் அதற்குக் காத்திருக்கும் நேரம் வேண்டும்.

கடைசியாகக் காற்று. ஆவி வருவதற்கு முன்பு குழாய்களிலும் ரேடியேட்டர்களிலும் நிறைந்திருக்கும் காற்று வெளியேற வேண்டும். ரேடியேட்டரின் ஓரத்தில் "உஸ்ஸ்" என்று மூச்சுவிடும் சிறு வென்ட் அதற்காகத்தான் இருக்கிறது. சூடான ஆவி பட்டதும் அது தானாக மூடிக்கொள்ளும். ஆனால் பேஸ்மென்டின் பெருங்குழாய்களின் முனையில் பெரிய வென்ட் இருந்தால்தான் காற்று விரைவாக வெளியேறும். எங்கள் வீட்டில் அந்த இடம் எத்தனையோ ஆண்டுகளாகத் துருவால் அடைபட்டிருந்தது. இரண்டு முனைகளிலும் புதிய வென்ட்களைப் பொருத்தி, குழாய்களுக்கு ஓர் அங்குலக் கண்ணாடி இழை உறையும் சுற்றினோம். அழுத்தக் கட்டுப்பாட்டை அரைப் பவுண்டில் எரியவும் ஒன்றரைப் பவுண்டில் அணையவும் வைத்தார். அழுத்தத்தைக் கூட்டினால் வீடு சீக்கிரம் சூடாகும் என்று நானும் நம்பியிருந்தேன். காற்றுக்கு வழி விட்டால் ஆவிக்கு அழுத்தம் ஏறக்குறையத் தேவையே இல்லை. முன்பு வடக்கு மூலை அறைக்கு ஆவி எட்ட முக்கால் மணி நேரம் பிடித்தது. இப்போது பாய்லர் கொதித்த 12 நிமிடங்களில் அங்கே வென்ட் மூடும் ஓசை கேட்கிறது.

புகைபோக்கிச் சான்றிதழும் ஊராட்சியின் ஆய்வும் ஒரே வாரத்தில் முடிந்தன. தண்ணீர் நிரப்பும் கருவியாக, உள்ளே விட்ட அளவைக் காலனில் எண்ணிக் காட்டும் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். முதல் குளிர்காலம் இப்போது முடிந்துவிட்டது. அக்டோபரில் பூச்சியத்தில் வைத்த அந்த எண் மார்ச் 31 அன்று 7 என்று காட்டியது. பேஸ்மென்டின் மூலைத் தரை குளிர்ந்துவிட்டது. நனைந்த காலணிகளை இப்போது கூடத்து ரேடியேட்டரின் அடியில் வைக்கிறோம். அம்மா அடுத்த டிசம்பரில் வருகிறார். துணி மடிக்க அந்த மூலையில் ஒரு நாற்காலியும் கம்பளமும் வாங்கிப் போட வேண்டும்.